லாரிகளுக்கு ஜிபிஎஸ் – டெலிமேட்டிக்ஸ் தேர்ந்தெடுப்பது எப்படி? நெல்லைப் பக்க ஓனர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

நாலு வண்டியோ நாற்பது வண்டியோ வைத்து ஓட்டுகிற ஓனர்களுக்கும், அவர்கள் ஆபீஸில் டிரிப் ஷீட் எழுதுகிறவர்களுக்கும் இந்த விளக்கம். கங்கைகொண்டான் சிப்காட்டில் லோடு எடுப்பவர், தூத்துக்குடி துறைமுகத்துக்கு ட்ரெய்லர் விடுபவர், பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்குக் காய்கறி அனுப்புபவர், கிரஷருக்கு டிப்பர் ஓட்டுபவர் என்று ஒவ்வொருவர் தேவையும் வேறு. ஆனால் விற்க வருகிறவர் எல்லாருக்கும் ஒரே பெட்டியைத்தான் காட்டுவார். “அண்ணாச்சி, இதுல எல்லாமே வந்துரும்” என்பார். அந்த “எல்லாம்” என்ன என்பதை முதலில் நாம் முடிவு செய்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

வண்டி எங்கே நிற்கிறது என்று மட்டும் காட்டுவது ஜிபிஎஸ். அதோடு எஞ்சின், டீசல், ஓட்டும் முறை, லோடின் வெப்பநிலை போன்றவற்றையும் சேர்த்து அனுப்பினால் அது டெலிமேட்டிக்ஸ்.

படி 1: பணம் எங்கே போகிறது என்று எழுதுங்கள்

கடைசி மூன்று மாத டிரிப் ஷீட், டீசல் பில், டோல் கணக்கு மூன்றையும் எடுத்து வைத்து, வண்டி வாரியாக மைலேஜ் போடுங்கள். ஒரே ரூட், ஒரே லோடு எடை, ஒரே மாடல் வண்டிகளை மட்டுமே ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். சிமெண்ட் ஏற்றி மலை ஏறும் வண்டியையும், காலியாகத் திரும்பும் வண்டியையும் ஒரே தட்டில் வைத்தால் நல்ல டிரைவர் மேல் பழி விழும்.

இப்போது ஒரு தாளில் மூன்றே மூன்று கேள்விகள் எழுதுங்கள். டீசல் குறைகிறதா? லோடு, அன்லோடு இடத்தில் வண்டி அதிக நேரம் நின்று டிரிப் எண்ணிக்கை அடிபடுகிறதா? பார்ட்டி போன் செய்து “வண்டி எங்கே” என்று கேட்கும்போது பதில் இல்லையா? மூன்றாவது மட்டும்தான் உங்கள் பிரச்சனை என்றால் சாதாரண ஜிபிஎஸ் போதும், டீசல் சென்சார் தேவையே இல்லை. இரண்டாவது என்றால், மேப்பில் அந்த இடத்துக்கு எல்லை போட்டு உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம் காட்டும் வசதியும், எஞ்சின் ஓடுகிறதா என்று சரியாகக் காட்டும் இக்னிஷன் வயரும் வேண்டும். டிப்பர் வைத்திருப்பவர் பாடி தூக்கும் பிடிஓ சுவிட்சை ஒரு இன்புட்டாகக் கொடுத்தால், லோடு எந்த இடத்தில் கொட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

நின்றபடி எஞ்சின் ஓடுவதை நிறையப் பேர் கணக்கிலேயே எடுப்பதில்லை. மணிக்கு 2 லிட்டர் என்று வைத்தாலும், தினம் 2 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் ஒரு வண்டிக்கு 104 லிட்டர். திருட்டே இல்லாமல் போகும் டீசல் இது. இதைப் பிடிக்க டேங்கில் ஓட்டை போட வேண்டியதில்லை.

படி 2: வண்டியில் ஏற்கனவே என்ன இருக்கிறது?

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டிகள் பலவற்றில் கம்பெனியே டெலிமேட்டிக்ஸ் பொருத்தித் தருகிறது. டாடாவில் ஃப்ளீட் எட்ஜ், அசோக் லேலண்டில் ஐ-அலர்ட், பாரத் பென்ஸில் ட்ரக்கனெக்ட். உங்கள் வண்டியில் இருக்கிறதா, சந்தா முடிந்துவிட்டதா என்று ஷோரூமில் கேளுங்கள். இருந்தால் புதிதாகப் பெட்டி வாங்கும் முன் அதைப் புதுப்பிக்க என்ன செலவு என்று பாருங்கள். எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்தே எடுப்பதால் ஆர்பிஎம், டெஃப் (புகையைச் சுத்தம் செய்ய ஊற்றும் திரவம்) அளவு, கோளாறுக் குறியீடு எல்லாம் அதில் சுத்தமாக வரும். வெவ்வேறு கம்பெனி வண்டிகள் கலந்து இருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆப் பார்க்க வேண்டியிருக்கும், அதுதான் குறை. எல்லாத் தகவலையும் ஒரே திரையில் இழுத்துத் தரும் சேவை இருக்கிறதா என்று வெளி விற்பனையாளரிடம் கேட்கலாம்.

பேருந்து, வேன், டாக்ஸி வைத்திருந்தால் சட்டம் வேறு. 2019 ஜனவரி 1 முதல் பதிவாகும் பயணிகள் வண்டிகளுக்கு ஏஐஎஸ்-140 தரத்தில் இருப்பிடக் கருவியும் அவசர பட்டனும் கட்டாயம். ஆக்சிஜன், நைட்ரஜன், ஆர்கான் போன்ற வாயு ஏற்றும் சரக்கு வண்டிகளுக்கும் 2022ல் வந்த திருத்தத்தில் விதி உண்டு. சாதாரணச் சரக்கு லாரிக்கு எது பொருந்தும் என்பதை எஃப்சி (தகுதிச் சான்று) காட்டப் போகும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டாயம் இல்லாவிட்டாலும் ஏஐஎஸ்-140 பெட்டியில் இரண்டு நல்ல விஷயங்கள் உள்ளன: 4 மணி நேரம் தாங்கும் உள் பேட்டரி, சிக்னல் இல்லாதபோது 40,000 பதிவுகள் வரை சேர்த்து வைக்கும் நினைவகம். வாங்குவதானால் சோதனை நிலையம் கொடுத்த ஒப்புதல் சான்றின் நகலைக் கேளுங்கள். “அதே தரம்தான் அண்ணாச்சி” என்று வாயால் சொல்வது போதாது.

படி 3: சிக்னல்

நாங்குநேரி, கயத்தாறு நாலு வழிச்சாலையில் எந்தப் பெட்டியும் வேலை செய்யும். தரம் தெரிவது புளியரை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையிலும், பாபநாசத்துக்கு மேலேயும்தான். அங்கே சிக்னல் போனதும் மட்டமான பெட்டி அந்த நேரத் தகவலையே விட்டுவிடும். மேப்பில் புளியரையிலிருந்து புனலூருக்கு ஒரே நேர்கோடு விழும். நல்ல பெட்டி சேர்த்து வைத்து, சிக்னல் வந்ததும் பழைய நேரத்தோடு அனுப்பும். வளைவு வளைவாகப் பாதை தெரியும். இதைக் காட்டாமல் யாரிடமும் ஆர்டர் கொடுக்க வேண்டாம்.

4ஜி வேலை செய்து, அது இல்லாத இடத்தில் 2ஜிக்கு மாறும் பெட்டியாக, இரண்டு நெட்வொர்க் பிடிக்கும் சிம்மோடு வாங்குங்கள். விலை குறைவு என்று 2ஜி மட்டும் உள்ளதை வாங்கினால் ஜியோ சிம் அதில் எடுக்காது.

எத்தனை வினாடிக்கு ஒருமுறை அனுப்புகிறது என்பதையும் கேளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 30 வினாடியில் 500 மீட்டர் போய்விடும். சந்து வழி திரும்பி டீசலை இறக்கும் இடம் அந்த இடைவெளியில் மறைந்துவிடும். 10 வினாடி வைத்தால் 167 மீட்டர். டேட்டா அதிகம் செலவாகும் என்று பயப்பட வேண்டாம்: தினம் 12 மணி நேரம் ஓடினால் 4,320 பதிவு, ஒன்று 200 பைட் என்றால் மாதம் 26 எம்பிக்குள் முடிந்துவிடும்.

படி 4: டீசல் சென்சார்

பணம் அதிகம் வீணாவது இங்கேதான். டேங்கில் ஏற்கனவே உள்ள மிதவையிலிருந்து வயர் எடுப்பது மலிவு, ஆனால் டேங்க் நிறைந்த நிலையிலும் அடியிலும் அதற்குக் கண் தெரியாது. எஞ்சின் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கும் கணக்கு, எரிந்த டீசலைச் சொல்லும். டேங்கிலிருந்து டியூப் போட்டு எடுத்ததைச் சொல்லாது. திருட்டுதான் சந்தேகம் என்றால் டேங்கின் மேல் துளையிட்டு நிறுத்தும் குச்சி சென்சார்தான் வழி.

குச்சி சென்சார் டேங்கின் நடுவில் இருக்க வேண்டும். மலை ஏறும்போது டீசல் பின்பக்கம் சாயும். நடுவில் மட்டம் குறைவாகவே மாறும். ஓரத்தில் வைத்தால் ஒவ்வொரு ஏற்றமும் திருட்டு என்று மணி அடிக்கும். அடியில் சுமார் 2 சென்டிமீட்டர் இடைவெளி விட்டுக் குச்சியை வெட்ட வேண்டும். அடியில் தேங்கும் தண்ணீரும் கசடும் தொட்டால் அளவு தாறுமாறாகக் காட்டும். புது வண்டி என்றால் டேங்கில் துளையிட்டால் வாரண்டி போகுமா என்று சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்கிக்கொண்டு தொடுங்கள்.

அடுத்தது அளவு ஏற்றுவது, அதாவது எந்த எண்ணுக்கு எத்தனை லிட்டர் என்று சென்சாருக்கு அட்டவணை போடுவது. சரியான முறை இதுதான். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி டேங்கை முழுதாகக் காலி செய்ய வேண்டும். முத்திரை வைத்த அளவுக் கேனில் 20 லிட்டர் ஊற்றி, மட்டம் அடங்க இரண்டு நிமிடம் விட்டு, சென்சார் காட்டும் எண்ணை எழுத வேண்டும். மறுபடி 20 லிட்டர், மறுபடி எண். 365 லிட்டர் டேங்குக்கு 18, 19 வரி வரும். அரை நாள் வேலை. அதனால் பல பேர் டேங்கின் நீள அகல உயரத்தை அளந்து கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். டேங்கின் மூலைகள் வளைந்தவை, உள்ளே தடுப்புத் தகடுகள் இருக்கும். கணக்கும் நிஜமும் ஒத்துப்போகாது. அந்த அளவு அட்டவணையின் நகலை வண்டி நம்பர் போட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். இரட்டை டேங்க் என்றால் இரண்டுக்கும் தனித்தனி சென்சார், தனித்தனி அட்டவணை.

சென்சாரின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1 சதவீதப் பிழை என்றாலே 365 லிட்டர் டேங்கில் 3.65 லிட்டர். நெல்லை வெயிலில் இன்னொன்றும் சேரும்: டீசல் ஒரு டிகிரிக்கு ஆயிரத்தில் 0.8 பங்கு அளவில் விரியும், சுருங்கும். மாலையில் 38 டிகிரியில் நிரப்பிய 300 லிட்டர், விடியற்காலை 26 டிகிரியில் கிட்டத்தட்ட 3 லிட்டர் குறைந்து நிற்கும். யாரும் எடுக்கவில்லை. எனவே அலாரத்தை 10 லிட்டருக்குக் கீழே வைக்க வேண்டாம். “அஞ்சு லிட்டர் எடுத்தாலும் காட்டிடும்” என்பவரை நம்ப வேண்டாம். நேற்று இரவு 3 லிட்டர் குறைந்தது என்று டிரைவரைக் கூப்பிட்டுத் திட்டுவது அநியாயம். நல்ல டிரைவர்கள் வேலையை விட்டுப் போவதும் அதனால்தான்.

படி 5: ஒரு மாதம் சோதனை

வருடச் சந்தா கட்டும் முன் இரண்டு வண்டியில் மட்டும் ஒரு மாதம் போடுங்கள். ஒன்று உங்களிடம் உள்ளதிலேயே கடினமான ரூட்டில் ஓட வேண்டும். கீழ்க்கண்டவற்றை நீங்களே பாருங்கள்.

நாங்குநேரி டோல்கேட்டையும் கயத்தாறு அருகே சாலைப்புதூர் டோல்கேட்டையும் வண்டி தாண்டிய நேரத்தை ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ்ஸோடு ஒத்துப் பாருங்கள். ஓரிரு நிமிட வித்தியாசத்துக்கு மேல் போனால் பெட்டியின் நேரமோ சர்வரோ சரியில்லை. வாரக் கடைசியில் மீட்டர் கிலோமீட்டரையும் ஜிபிஎஸ் கிலோமீட்டரையும் ஒத்துப் பாருங்கள். பங்க்கில் நிரப்பியதும் பில்லும் திரையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் 200, திரையில் 185 என்றால் மூன்று தடவை தொடர்ந்து அப்படி வருகிறதா என்று பார்த்த பிறகே பங்க்கையோ டிரைவரையோ கேளுங்கள். முதல் தடவை சென்சார் அளவே தப்பாக இருக்கலாம். கடைசியாக பேட்டரி வயரைக் கழற்றிப் போடுங்கள். சில நிமிடங்களில் உங்கள் போனுக்குத் தகவல் வர வேண்டும்.

படி 6: பொருத்தும்போது பக்கத்தில் நில்லுங்கள்

கோளாறுகளில் பெரும்பகுதி பெட்டியில் இல்லை, வயரில்தான். லாரி 24 வோல்ட், சின்ன வண்டி 12 வோல்ட். பெட்டி 9 முதல் 36 வோல்ட் வரை தாங்குவதா என்று பாருங்கள். பாசிட்டிவ் வயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே தனி ஃபியூஸ் இருக்க வேண்டும். எர்த்தைப் பெயிண்ட் அடித்த சேசிஸ் போல்ட்டில் கட்டினால் டீசல் அளவு ஆடும். பேட்டரி நெகட்டிவிலோ சுரண்டிச் சுத்தம் செய்த இடத்திலோ கட்டச் சொல்லுங்கள். வயரை முறுக்கி டேப் சுற்றுவது மழைக்காலம் வரைதான் நிற்கும். உப்பு லோடு ஓடும் வண்டியில் அவ்வளவு நாளும் தாங்காது. சால்டர் வைத்து, சூடு பண்ணினால் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

இக்னிஷன் வயரைச் சாவி போட்டால் மட்டும் கரண்ட் வரும் இடத்திலிருந்து எடுக்க வேண்டும். எப்போதும் கரண்ட் உள்ள வயரில் சேர்த்துவிட்டால், ராத்திரி முழுதும் எஞ்சின் ஓடியதாக ரிப்போர்ட் வரும். பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் உள்ள வண்டியில், அந்த சுவிட்சுக்கு முன்னாலிருந்து கரண்ட் எடுங்கள். இல்லையென்றால் டிரைவர் ஒழுங்காக சுவிட்சை அணைக்கும் ஒவ்வொரு இரவும் “பெட்டி கழற்றப்பட்டது” என்று அலாரம் வரும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் உறக்க நிலையில் பெட்டி எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று கேளுங்கள். 20 மில்லி ஆம்பியர் என்றால் மாதத்துக்கு 14 ஆம்பியர்-அவர் பேட்டரியிலிருந்து போகும்.

பெட்டியின் ஆண்டெனா பக்கம் வானத்தைப் பார்த்து, மேலே இரும்புத் தகடு இல்லாத இடத்தில் இருக்க வேண்டும். பாடி கட்டும் இடத்தில் வெல்டிங் வேலை நடந்தால் பெட்டியின் இணைப்பைக் கழற்றச் சொல்லி டிரைவர்களிடம் சொல்லி வையுங்கள்.

போனிலிருந்து எஞ்சினை நிறுத்தும் ரிலேவை ஓடும் வண்டியில் வேலை செய்யும்படி போடவே கூடாது. பவர் ஸ்டியரிங் போய், ஏர் பிரேக்குக்குக் காற்று ஏறுவதும் நின்றுவிடும். நின்ற வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் வகையில் மட்டும் போடலாம்.

படி 7: ஒப்பந்தம்

விலையைப் பெட்டி விலையாகப் பார்க்காமல் மூன்று வருடச் செலவாகப் பாருங்கள்: பெட்டி, சென்சார், பொருத்தும் கூலி, வருடச் சந்தா, சிம், வண்டி மாற்றினால் கழற்றி மாட்டும் கூலி. பிறகு எழுத்தில் வாங்க வேண்டியவை: கோளாறு சொன்னால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், அவர் நெல்லையில் இருக்கிறாரா அல்லது மதுரையிலிருந்து வர வேண்டுமா, சந்தா நிறுத்தினால் பழைய தகவலை எக்செல்லாக எடுத்துக்கொள்ளலாமா, பெட்டியை வேறு சர்வருக்கு மாற்ற பாஸ்வேர்ட் தருவார்களா. கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் வேறு ஆளைப் பாருங்கள்.

படி 8: டிரைவர்களும் அலாரங்களும்

பொருத்தும் முன் டிரைவர்களை உட்காரவைத்து, பெட்டி எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று சொல்லுங்கள். ஒளித்து வைத்துப் பொருத்தினால் ஒரு வாரத்தில் வயர் அறுந்திருக்கும். மைலேஜ் கூடினால் மிச்சமாகும் டீசலில் ஒரு பங்கு டிரைவருக்கு என்று முன்பே பேசிவிடுங்கள். அவர் ஊரில் லீவில் இருக்கும்போது அவர் போனைப் பின்தொடரும் ஆப் எதுவும் வேண்டாம்.

முதல் மாதம் மூன்றே அலாரம் போதும்: பவர் துண்டிப்பு, வண்டி நிற்கும்போது 10 லிட்டருக்கு மேல் டீசல் குறைவு, 80 கிலோமீட்டருக்கு மேல் வேகம். முப்பது அலாரம் வைத்தால் மூன்றாம் நாளிலிருந்து யாரும் பார்க்க மாட்டார்கள். இரண்டாவது மாதத்தில், நின்றபடி 20 நிமிடத்துக்கு மேல் எஞ்சின் ஓடுவதைச் சேருங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பலமாக அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை உயரமான லோடு ஏற்றும் வண்டிகளுக்கு முப்பந்தல் பகுதியை எல்லை போட்டு, 50ல் ஒரு வேக அலாரம் வையுங்கள். புளியரை இறக்கத்துக்கு 30 போதும்.

ஆபீஸில் ஒருவர் பெயரை எழுதி, திங்கட்கிழமை காலை அரை மணி நேரம் இந்த ரிப்போர்ட்டைப் பார்ப்பது அவர் வேலை என்று ஒப்படையுங்கள். மைலேஜ் குறைந்த வண்டியின் டிரைவரிடம் முதலில் கேட்க வேண்டியது டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பற்றித்தான்.