ரோட்டரி இன்ஜினை யாரிடம் பிரிக்கக் கொடுப்பது? பலரும் சறுக்கும் இடங்கள்

ரோட்டரி இன்ஜினில் ஓடும் மாஸ்டா ஆர்எக்ஸ்-7, ஆர்எக்ஸ்-8 கார்களை வைத்திருப்பவர்கள் என்றைக்காவது ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து நிற்பார்கள். சூடாக இருக்கும்போது வண்டி ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, அல்லது ரேடியேட்டரில் தண்ணீர் காரணமே தெரியாமல் குறைந்துகொண்டே போகிறது, இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும் என்கிறார்கள், சரி, யாரிடம் கொடுப்பது? அந்தப் பதற்றத்தில் முதலில் போனை எடுத்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கொஞ்ச நாளிலேயே அதே வேலைக்கு இரண்டாவது முறை காசு கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். ரோட்டரியே இப்படித்தான் என்று இன்ஜின் மேல் பழியைப் போட்டுவிடுவது சுலபம். பல நேரங்களில் உண்மையான காரணம், எதையும் அளக்காமல் சேர்த்துப் பூட்டியதுதான்.

முதல் சறுக்கல், "முப்பது வருஷ மெக்கானிக், அவருக்குத் தெரியாததா?" என்ற நம்பிக்கை. அவர் கெட்டிக்காரராகவே இருக்கலாம், ஆனால் அந்த முப்பது வருடமும் பிஸ்டன் இன்ஜினில் போனது. இந்த வண்டிகளில் வரும் 13பி என்ற ரோட்டரி இன்ஜினில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை. மூன்று இரும்புத் தட்டுகள், அவற்றுக்கு நடுவில் இரண்டு அலுமினிய ஹவுசிங்குகள், எல்லாவற்றையும் அடுக்கி நீளமான போல்ட்டுகளால் இறுக்கிய ஒரு கட்டு. உள்ளே இரண்டு முக்கோண ரோட்டர், அவை சுற்றிவிடும் தண்டான ஒரு எக்சென்ட்ரிக் ஷாஃப்ட். பார்த்தால் இவ்வளவுதானா என்று தோன்றும், அதுதான் ஆபத்தே. பிரிப்பதும் சேர்ப்பதும் பழகிய கைக்கு ஒரு நாள் வேலை. நடுவில் இருக்கும் சுத்தம் செய்வது, அளப்பது, அரத்தால் தேய்த்துப் பொருத்துவது ஆகியவைதான் உண்மையான வேலை, அது வாடிக்கையாளர் கண்ணில் படவே படாது. (ஒரு சின்னச் சோதனை: மேனுவல் கியர் வண்டிகளில் ஃபிளைவீலைப் பிடித்திருக்கும் நட்டு 54 மி.மீ. அதற்கான சாக்கெட் பட்டறையில் தேய்ந்துபோய்க் கிடக்கிறதா, அல்லது "அதை வாங்கணும்" என்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.)

அடுத்தது, இன்ஜின் செத்துவிட்டதா என்பதையே தப்பாகக் கண்டுபிடிப்பது. சாதாரண கம்ப்ரஷன் கேஜை (உள்ளே காற்று எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று காட்டும் கருவி) ஸ்பார்க் பிளக் ஓட்டையில் மாட்டி, முள் நல்ல இடத்தில் நிற்கிறது, இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். ஒரு ரோட்டருக்கு மூன்று முகங்கள், மூன்றும் அதே ஓட்டையைத்தான் கடந்து போகின்றன. கேஜில் இருக்கும் வால்வு காற்றைத் திரும்ப விடாததால், மூன்றில் எது அதிகமோ அதை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோட்டரின் மூன்று முனைகளிலும் இருக்கும் ஏபெக்ஸ் சீல்களில் ஒன்று உடைந்திருந்தால் அதன் இரண்டு பக்கமும் உள்ள இரண்டு முகங்கள் கசியும், மூன்றாவது முகம் மட்டும் நன்றாக இருக்கும். கேஜ் காட்டுவது அந்த மூன்றாவதை! ரோட்டரிக்கென்றே உள்ள டெஸ்டர் ஒவ்வொரு முகத்துக்கும் தனித்தனியாக, இரண்டு ரோட்டருக்கும் சேர்த்து ஆறு எண்களைத் தரும், ஸ்டார்ட்டர் எந்த வேகத்தில் சுற்றியது என்பதையும் சொல்லும். அந்த வேகம் தெரியாமல் எண்ணுக்கு அர்த்தமே இல்லை, பேட்டரி சோர்ந்திருந்தாலே அளவு இறங்கிவிடும். ஆர்எக்ஸ்-8க்கு மாஸ்டா சொல்லும் கணக்கு 250 ஆர்பிஎம்மில் 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680, ஒரே ரோட்டரின் முகங்களுக்குள் வித்தியாசம் 150ஐத் தாண்டக் கூடாது. இன்ஜின் சூடாக இருக்கும்போது எடுக்க வேண்டும்.

டெஸ்டர் இல்லாவிட்டாலும் காது இருக்கிறது. ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றினால் புஸ், புஸ், புஸ் என்று ஒரே சீராக வர வேண்டும். ஒன்று பலமாகவும் அடுத்த இரண்டு தொங்கிப்போயும் வந்தால் விஷயம் புரிந்துவிடும். இதைச் செய்து காட்டாமல் நேராக "ரீபில்ட் பண்ணிடலாம் சார்" என்று ஆரம்பிப்பவரிடம் எனக்கு நம்பிக்கை வராது. ஸ்டார்ட் ஆகாததற்கு பலவீனமான இக்னிஷன் காயிலோ சோர்ந்த ஸ்டார்ட்டரோ கூடக் காரணமாக இருக்கலாம். நேர்மாறாக, கம்ப்ரஷன் ஆறும் அருமையாக இருந்தும் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வரலாம். தண்ணீர் உள்ளே கசியாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போயிருந்தால் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது வெள்ளைப் புகையும் ரேடியேட்டரில் குமிழியும்தான் அடையாளம், கேஜ் எதையும் காட்டாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். போனிலேயே "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேட்டு, யார் குறைத்துச் சொல்கிறாரோ அவரிடம் போவது. பிரித்துப் பார்க்காமல் ரோட்டரிக்கு உறுதியான தொகை சொல்லவே முடியாது. எத்தனை ஹவுசிங், எத்தனை இரும்புத் தட்டு மறுபடி பயன்படும் என்பதைப் பொறுத்துத்தான் கணக்கு, புது ஹவுசிங்கின் விலையோ லேசுப்பட்டதல்ல. "இதிலிருந்து இதுவரை ஆகலாம், பிரித்த பிறகு படம் அனுப்பிச் சொல்கிறேன்" என்பவர், கேட்க எரிச்சலாக இருந்தாலும், உண்மையைச் சொல்கிறார். ஒரே தொகையில் முடித்துத் தருகிறேன் என்பவர் தேய்ந்த ஹவுசிங்கைத் துடைத்துத் திரும்பப் போடுவார், வேறு வழி அவருக்கும் இல்லை.

பிரித்த அன்றைக்கு முடிந்தால் நேரில் போய் நில்லுங்கள். ஹவுசிங்கின் உள்பக்கம் இடுப்பு ஒடுங்கிய முட்டை மாதிரி இருக்கும், கண்ணாடி போல மின்னுவது குரோம் பூச்சு. ஸ்பார்க் பிளக் ஓட்டைகளைச் சுற்றியும் இரண்டு ஓரங்களிலும் விரல் நகத்தை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் எங்கேயாவது மாட்டினால் அங்கே குரோம் உரிந்திருக்கிறது. ஓரத்தில் பொட்டு அளவு உரிந்திருந்தால் சிலர் ஏற்றுக்கொள்வார்கள், ஏபெக்ஸ் சீல் ஓடும் பாதையின் நடுவில் உரிந்திருந்தால் அந்த ஹவுசிங் அவ்வளவுதான். இரும்புத் தட்டில், ரோட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சைடு சீல் ஓடி ஓடி ஒரு படி விழுந்திருக்கும், அதற்கான எல்லை 0.10 மி.மீ. நகத்தால் முடியாது, டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தித் தருகிறோம் என்பார்கள், தவறில்லை. ஆனால் தட்டின் மேல்பரப்பு நைட்ரைடிங் செய்து கடினமாக்கப்பட்டது, தேய்த்தால் அந்தப் படலமும் சேர்ந்து போகும், திரும்ப நைட்ரைடிங் செய்கிறீர்களா என்று கேளுங்கள். பதில் வரத் தாமதமாவதே ஒரு பதில்தான்.

"ரீபில்ட்" என்ற சொல்லுக்கு ஆளுக்கு ஒரு அர்த்தம் இருப்பது இன்னொரு பொறி. சிலருக்கு அது ஓ-ரிங்குகளை மட்டும் மாற்றுவது. சிலருக்கு ஏபெக்ஸ் சீல் ஆறையும் மாற்றினால் போதும், பன்னிரண்டு சைடு சீலும், ரோட்டரின் மூலைகளில் உட்காரும் பன்னிரண்டு கார்னர் சீலும் பழசே உள்ளே போகும். ஸ்பிரிங், ஆயில் கன்ட்ரோல் ரிங்கின் ரப்பர், பேரிங் என எது புதிது, எது பழையது என்று வரிவரியாக எழுதி வாங்குங்கள். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சைடு சீலுக்கும் கார்னர் சீலுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி வைக்கிறீர்கள்? மாஸ்டா கணக்கு 0.05 முதல் 0.15 மி.மீ. வரை. ஒவ்வொரு சீலையும் அதனதன் பள்ளத்தில் வைத்து, நுனியை அரத்தால் துளித்துளியாகத் தேய்த்து, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்து, மறுபடி தேய்த்துப் பன்னிரண்டு முறை செய்ய வேண்டிய பொறுமையான வேலை அது. ஆர்எக்ஸ்-8இல் எக்ஸாஸ்ட் வாயே பக்கவாட்டுத் தட்டில் இருப்பதால் சைடு சீல் இன்னும் முக்கியம். நல்ல பட்டறைக்காரர் இந்தக் கேள்விக்கு முகம் மலர்ந்து அளவுத் தாளையே எடுத்துக் காட்டுவார், எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகரும் அளவான எண்டு பிளே (0.04 முதல் 0.07 மி.மீ.) வரை அதில் இருக்கும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம்" என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவது உத்தமம். மேசையில் வாஸ்லின் டப்பா இருப்பதைப் பார்த்து மட்டும் பயந்துவிடாதீர்கள், ஓ-ரிங் நழுவாமல் இருக்க அதைத் தடவுவது இந்த வேலையில் சகஜம்.

சீல் வகையைச் சொல்லி மயக்குவதும் உண்டு. வார்ப்பிரும்பு ஒரிஜினல் ஏபெக்ஸ் சீல், நாக்கிங் (பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்து எரிவது) வந்தால் நொறுங்கும், போகிற போக்கில் ஹவுசிங்கையும் கீறி டர்போவின் இறக்கையையும் தின்றுவிட்டுத்தான் போகும். அதனால் "உடையாத சீல்" என்று ஸ்டீலைக் காட்டுவார்கள். அது நொறுங்காமல் வளையலாம், ஆனால் சில ரகங்கள் குரோமைச் சீக்கிரம் தேய்த்துவிடும். 1991இல் லெ மான்ஸ் பந்தயத்தில் ஜெயித்த மாஸ்டாவின் 787பி காரில் செராமிக் சீல்தான் இருந்தது என்று சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள். அது ஓடியது 24 மணி நேரப் பந்தயம், நீங்கள் ஆபீஸுக்குப் போகிறீர்கள்.

பட்டறையைப் பந்தயக் கார் படங்களையும் குதிரைத்திறன் எண்களையும் பார்த்து எடைபோடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். டெலிவரி அன்று எல்லா இன்ஜினும் நன்றாகத்தான் ஓடும். மூன்று வருடத்துக்கு முன்னால் செய்துகொடுத்த சாதாரண ரோட்டு வண்டிக்காரர் இரண்டு பேரிடம் பேச வேண்டும் என்று கேளுங்கள். உங்கள் கையில் செய்த இன்ஜின் எப்போதாவது திரும்பி வந்ததா, என்ன செய்தீர்கள் என்றும் கேளுங்கள். ஒன்றுகூட வந்ததில்லை என்பவரைவிட, வந்தது, இன்ன தப்பு, இப்படிச் சரிசெய்தேன் என்பவர் மேல். போர்டில் பெயர் இருப்பவர்தான் இன்ஜினைச் சேர்க்கிறாரா என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு, பழைய இன்ஜின் ஏன் போனது என்று யாருமே கேட்காமல் இருப்பது. தெரிந்த ஒருவரின் ஆர்எக்ஸ்-8இல் உள்ளே எல்லாம் புதுசு, வெளியே பழைய காயில்கள், அடைத்துப்போன பழைய கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (எக்ஸாஸ்டில் புகையைச் சுத்தம் செய்யும் பாகம்). காயில் சரியாகப் பொறி தராவிட்டால் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதை உருக்கும், அது அடைத்துக்கொண்டால் வெளியேற வழியில்லாத சூடு இன்ஜினுக்கே திரும்பும். சில மாதங்களில் பழைய கதையே திரும்பியது. இன்ஜினைச் சேர்த்த கைக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை, காரணத்தைத் தேட ஆள் இல்லை, அவ்வளவுதான். டர்போ வைத்த ஆர்எக்ஸ்-7 என்றால் ஃபியூவல் பம்ப், இன்ஜெக்டர், பூஸ்ட் அளவு எல்லாம் பார்க்க வேண்டும். 90களின் ஆர்எக்ஸ்-7இல் பிளாஸ்டிக்கால் ஆன சின்னக் கூலன்ட் தொட்டி ஒன்று விரிசல் விட்டு இன்ஜினையே காவு வாங்கும். ஆயில் கூலரில் இரும்புத் துகள் தங்கியிருந்தால் புது பேரிங்குக்கு அதுவே எமன்.

எழுத்தில் வாங்க வேண்டியவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். கொடுக்கும் முன் இன்ஜின் எண்ணைப் படம் எடுங்கள், கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். உங்கள் இன்ஜினையே செய்கிறார்களா, எடுத்துக்கொண்டு வேறொன்று தருகிறார்களா என்பதும் தெளிவாக இருக்கட்டும். வாரண்டியில் ஓவர்ஹீட்டும் நாக்கிங்கும் பொதுவாகச் சேராது, மறுபடி இறக்கி ஏற்றும் கூலி யார் தலையில் என்பதையும் இப்போதே பேசுங்கள். காத்திருக்கச் சொன்னால் கோபப்பட வேண்டாம், ஆனால் பிரித்துப் போட்டுவிட்டுக் காக்க வைக்கக் கூடாது. உங்கள் முறை வந்த பிறகு பிரிக்கட்டும்.

வண்டியை எடுக்கும் அன்று ஆறு கம்ப்ரஷன் எண்களையும் தாளில் வாங்குங்கள். புது சீல் இன்னும் படியாததால் அவை கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஓட ஓட ஏறும். எத்தனை கிலோமீட்டர் வரை இன்ஜினை விரட்டக் கூடாது, முதல் ஆயில் எப்போது மாற்ற வேண்டும் என்பதை அவர்களே சொல்ல வேண்டும். கடைசியாக, ஆயில் மீட்டரிங் பம்ப் இருக்கிறதா, கழற்றிவிட்டார்களா என்று கேட்காமல் சாவியை வாங்காதீர்கள். ஏபெக்ஸ் சீலுக்கு எண்ணெய் கொடுப்பது அதுதான். கழற்றியிருந்தால் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டேங்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலக்க வேண்டும், எந்த விகிதத்தில் என்பதையும் அவர்கள் கையாலேயே அந்தத் தாளில் எழுதி வாங்குங்கள்.