வேல்ஸ் ரக்பி பார்க்கப் பழகுவது எப்படி? பான்ட்டி மைதானத்தில் இருந்து

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எப்போதும் ஜெயிக்கிற அணிதான் வேண்டும் என்றால் டப்ளின் பக்கமோ துலூஸ் பக்கமோ போய்விடுங்கள், நான் சொல்வது உங்களுக்கு உதவாது. வேல்ஸில் ஒரு சின்ன ஊர் கிளப்பைச் சனிக்கிழமை தவறாமல் போய்ப் பார்த்து, குளிரில் நின்று, நடுவரைத் திட்டி, தோற்றாலும் அடுத்த வாரம் திரும்பப் போகிற அளவுக்கு முற்றிப்போவது எப்படி என்பதுதான் இது.

என் அணி பான்ட்டிப்ரீத். வெல்ஷ் மொழியில் இரண்டு 'டி' சேர்ந்து வந்தால், நாம் 'அது' என்று சொல்லும்போது வருமே, அந்த மெல்லிய த ஒலி. எழுத்தைப் பார்த்து 'பிரிட்' என்று வாசித்தால் வெளியூர்க்காரர் என்று உடனே தெரிந்துவிடும். உள்ளூரில் சுருக்கமாக 'பான்ட்டி'. ஒரு தடவை அம்மாவிடம் ஃபோனில், நாளைக்கு பான்ட்டிக்கு மேட்ச் பார்க்கப் போகிறேன் என்றேன், "ஊருக்கு வந்துட்டியா, ஏன்டா சொல்லவே இல்ல?" என்று கேட்டார்.

படி 1: முதலில் ஊரைப் பிடியுங்கள்

வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில், அல்லது ஒரே ரயிலில் போகிற தூரத்தில் எந்த மைதானம் இருக்கிறதோ அதுதான் உங்கள் அணி. ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கிளப், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவன் எதிரி. நான் ட்ரஃபாரஸ்ட்டில் படிக்க வந்தவன், அங்கிருந்து ஒரே ஸ்டேஷன் தள்ளி பான்ட்டி. டாஃப் ஆறும் ரோண்டா ஆறும் சேருகிற இடம், 1856-ல் வேல்ஸ் தேசிய கீதம் பிறந்த ஊர், 1876-ல் தொடங்கிய கிளப், கறுப்பு வெள்ளைப் பட்டை போட்ட ஜெர்சி. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்குச் செய்ய வேறு வேலை இல்லை, அதனால் போனேன்.

படி 2: மாடிக் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிற எல்லோரும் இங்கேதான் குழம்புவார்கள், அதனால் கொஞ்சம் பொறுமை.

மேல் மாடியில் 'பிராந்திய' அணிகள்: கார்டிஃப், ஸ்கார்லெட்ஸ், ஆஸ்ப்ரீஸ், டிராகன்ஸ். முழுநேர ஆட்டக்காரர்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, இத்தாலி, தென்னாப்பிரிக்க அணிகளோடு ஆடுவார்கள். அதற்குக் கீழே 2024-ல் தொடங்கிய சூப்பர் ரக்பி கம்ரி, பத்து கிளப்புகள். ஆட்டக்காரர்களுக்கு வார நாளில் வேறு வேலை இருக்கும், சனிக்கிழமை பான்ட்டிக்கு ஆடுவார்கள். அதற்கும் கீழே கிராமத்து கிளப்புகள், எண்ணி முடியாது.

2003 வரைக்கும் இப்படி இல்லை. பான்ட்டியே மேல் மாடியில்தான் இருந்தது. 1996-ல் வெல்ஷ் கோப்பை, அடுத்த ஆண்டு லீக், 2002-ல் லனெத்லியை 20-17 என்று தோற்கடித்து மறுபடியும் கோப்பை. அப்புறம் வெல்ஷ் ரக்பி யூனியன் கிளப்புகளுக்கு மேலே ஐந்து பிராந்திய அணிகளை உருவாக்கியது. பான்ட்டியையும் பிரிஜெண்டையும் சேர்த்து 'கெல்டிக் வாரியர்ஸ்' என்று ஒன்று. பக்கத்து வீட்டுக்காரனோடு ஒரே சட்டையைப் போட்டுக்கொள் என்றால் எப்படி? ஆனாலும் அணி நன்றாகத்தான் ஆடியது. அந்த சீசனில் ஐரோப்பிய சாம்பியன் ஆன இங்கிலாந்து கிளப் வாஸ்ப்ஸை அவர்கள் சொந்த மைதானத்திலேயே போய்த் தோற்கடித்தது. ஒரே சீசன்தான், 2004 கோடையில் கலைத்துவிட்டார்கள். ஆட்டக்காரர்கள் திசைக்கு ஒருவராகப் போனார்கள். ரசிகர்களிடம், இனி கார்டிஃபுக்குக் கைதட்டுங்கள் என்று சொல்லாமல் சொன்னார்கள்.

பான்ட்டி மைதானத்தில் இந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள். தானாக வரும், வந்தால் பதினைந்து நிமிடம் ஓடும். மிச்சமிருந்த நான்கையும் மூன்றாக்க யூனியன் 2025-ல் முடிவெடுத்தபோது நாடே கொதித்தது. எங்கள் பக்கம் நிற்பவர்கள், நாங்கள் இருபது வருடத்துக்கு முன்பே பார்த்த படம்தானே என்கிற மாதிரி தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

படி 3: விதிகளில் இவ்வளவு போதும்

பக்கத்துக்குப் பதினைந்து பேர், 80 நிமிடம். பந்தைக் கையால் முன்பக்கம் எறியக் கூடாது, பின்னால்தான் தள்ள வேண்டும், உதைத்தால் மட்டும் முன்னால் போகலாம். எதிரியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ட்ரை, 5 புள்ளி. அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. பெனால்டி உதைக்கு 3, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டி எழும்பும்போது உதைக்கிற டிராப் கோலுக்கு 3. பட்டியலில் வெற்றிக்கு 4 புள்ளி. நான்கு ட்ரை போட்டால் வழக்கமாக ஒரு போனஸ், ஏழு புள்ளிக்குள் தோற்றாலும் ஒன்று. அதனால், தோற்கப்போவது உறுதியான பிறகும் கடைசி ஐந்து நிமிடத்தில் இவர்கள் ஏன் இப்படிக் கத்துகிறார்கள் என்று குழம்பாதீர்கள்.

முதுகில் இருக்கிற எண்தான் ஆடுகிற இடம். 1, 2, 3 என்றால் கழுத்து இல்லாத ஆட்கள். 10 என்றால் மூளை. இங்கிலாந்தில் அவரை ஃப்ளை-ஹாஃப் என்பார்கள், வேல்ஸில் அவுட்சைட் ஹாஃப் என்று சொன்னால் மரியாதை.

படி 4: மைதானம்

சார்டிஸ் ரோடு, ஸ்டேஷனிலிருந்து பொடிநடை. செல்லப் பெயர் 'வலி வீடு'. எதிரணிக்கு வலி என்பதுதான் அர்த்தம், சில சீசன்களில் எங்களுக்கும்.

உட்காருகிற இடம் உண்டு. ஆனால் முதல் தடவை நின்று பார்க்கிற படிக்கட்டுக்குப் போங்கள். குடை கொண்டுபோகவே கூடாது. பின்னால் நிற்பவருக்கு மறைக்கும், உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார், ஆனால் இடைவேளை வரைக்கும் உங்கள் முதுகைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார். தொப்பி வைத்த மழைக்கோட்டு, இரண்டு ஜோடி சாக்ஸ். எதிரணி ரசிகர்களும் பக்கத்திலேயே நிற்பார்கள், கால்பந்து மாதிரி வேலி கிடையாது. கேலி செய்யலாம், சண்டை கிடையாது.

இதில் முக்கியமான வேலை, வயதானவர் ஒருவர் பக்கத்தில் இடம் பிடிப்பது. எனக்குக் கிடைத்தவரை மனசுக்குள் தாத்தா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை 'பட்' என்பார், பள்ளத்தாக்கில் அது 'மாப்ளே' மாதிரி. ஃபிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி என்னிடம் நீட்டிவிட்டு, கண்ணை ஆட்டத்தில் இருந்து எடுக்காமலே, "பந்தைப் பார்க்காதே பட், பந்து எங்கேயும் ஓடிப்போகாது" என்றார்.

படி 5: எங்கே பார்ப்பது

அவர் சொன்னது சரிதான். பந்தையே துரத்தினால் முதல் மாதம் முழுக்க உங்களுக்கு ஒரு சேற்றுக் குவியல்தான் தெரியும். ஸ்க்ரம், அதாவது இரண்டு அணியும் தோள் கோத்து முட்டித் தள்ளுகிற கட்டம் வந்தால் கால்களைப் பாருங்கள். பக்கத்துக்கு எட்டுப் பேர், நடுவர் 'குனி, பிடி, இறங்கு' என்கிற மாதிரி மூன்று கட்டளை கொடுப்பார், இரண்டு பக்கமும் மோதும்போது ஒரு சத்தம் வரும், டிவியில் அது சரியாகக் கேட்பதே இல்லை, ஈர மூட்டையைத் திண்ணையில் போட்ட மாதிரி. எந்தப் பக்கத்துக் கால் அரை அடி பின்னால் நகர்கிறதோ அந்தப் பக்கம் சீக்கிரம் பெனால்டி கொடுக்கப்போகிறது. நீங்கள் முன்கூட்டியே முணுமுணுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார்.

ஒன்றுமே புரியவில்லையா? நடுவரின் கையைப் பாருங்கள். கை எந்தப் பக்கம் சாய்வாக மேலே போகிறதோ அந்த அணிக்குப் பெனால்டி. இடுப்பு உயரத்தில் நீட்டிக்கொண்டே ஓடினால் தவறு நடந்திருக்கிறது, ஆட்டம் கொஞ்சம் தொடரட்டும் என்கிறார்.

பெனால்டி கிடைத்ததும் படிக்கட்டில் பட்டிமன்றம் தொடங்கும். கம்பத்துக்கு உதைத்து 3 புள்ளி எடுப்பதா, மூலைக்கு உதைத்து லைன்-அவுட்டில் (வெளியே போன பந்தை இரண்டு அணி வரிசைகளுக்கு நடுவே எறிவது) இருந்து ட்ரைக்குப் போவதா? தாத்தா எப்போதும் மூன்று புள்ளிக் கட்சி. காரணம், அவர் பான்ட்டிக்காக உதைத்த நீல் ஜென்கின்ஸைப் பார்த்துப் பழகிய கூட்டம்.

படி 6: பேச்சுக்குக் கொஞ்சம் வரலாறு

ஜென்கின்ஸ் பக்கத்து சர்ச் வில்லேஜ் பையன். சர்வதேச ஆட்டங்களில் ஆயிரம் புள்ளிகளைத் தாண்டிய முதல் ஆள். 1997-ல் பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து அனுப்புகிற லயன்ஸ் அணிக்காகத் தென்னாப்பிரிக்காவில் இரண்டாவது டெஸ்டில் ஐந்து பெனால்டி உதைத்தார், ஆட்டம் 18-15. அதே ஆண்டு பிரான்ஸின் பிரீவ் ஊரில் பான்ட்டி 32-31 என்று தோற்றதும், மைதானத்தில் ஆரம்பித்த அடிதடி ராத்திரி ஒரு மதுக்கடையில் தொடர்ந்ததும் தனிக் கதை. கேட்டால் சொல்வார்கள், ஆளுக்கு ஒரு மாதிரி. 2012 முதல் 2015 வரை வரிசையாக நான்கு தடவை கீழ்மாடி லீக்கை ஜெயித்ததையும் தெரிந்து வைத்திருங்கள். 'கீழ்மாடி' என்ற வார்த்தையை மட்டும் அங்கே வாய் தவறிச் சொல்லிவிடாதீர்கள்.

படி 7: வெளியூர் ஆட்டம்

இரண்டு மாதம் கழித்துப் போங்கள், அதற்கு முன்னால் வேண்டாம். எப்வேல், அபராவன் எல்லாம் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். பெரிய பயணம் வடக்கே கால்வின் பேயில் இருக்கிற ஆர்ஜிசி 1404 அணியின் ஊருக்கு. அந்த 1404, ஓவைன் கிளிண்டோர் ஆங்கிலேயரை எதிர்த்து நின்று வெல்ஷ் நாடாளுமன்றத்தைக் கூட்டிய ஆண்டு. ஜெர்சியிலேயே சரித்திரத்தைச் சுமந்துகொண்டு ஆடுகிறார்கள். பான்ட்டியைத் தொட்டுக்கொண்டு போகிற ஏ470 சாலைதான் மலை மலையாகச் சுற்றி வடக்குக் கடற்கரை வரை போகிறது. வளைவில் வயிறு கலங்கும், ஒரு பாலிதீன் பை எடுத்துக்கொள்ளுங்கள். சாண்ட்விச்சை நாலு பேருக்குச் சேர்த்துக் கட்டுங்கள், அப்படித்தான் வழக்கம். இஞ்சி போட்ட தேநீர் கொண்டுபோனால் பஸ்ஸில் உங்கள் பெயர் நிலைத்துவிடும், நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

ஏறும்போது முன்வரிசையில் இடது பக்க ஜன்னல் சீட்டில் மட்டும் உட்காராதீர்கள். காலியாக இருக்கிற மாதிரிதான் தெரியும். அது தாத்தாவுடையது.