புது வீட்டு ஜன்னல்: கண்ணாடிக்கு முன்னால் திசையைப் பாருங்கள்

ஜன்னல் கடைக்குப் போனதும் "டபுள் கிளாஸ் போட்டுக்கோங்க சார், ஏசி பில் பாதியாயிடும்" என்பார்கள். நடுவில் இடைவெளி விட்ட இரட்டைக் கண்ணாடியைத்தான் சொல்கிறார்கள். தலையாட்டுவதற்கு முன்னால் வீட்டு பிளானை எடுத்து எந்த ஜன்னல் எந்தப் பக்கம் வருகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். சென்னை, கடலூர், மதுரை மாதிரி ஊர்களில் ஜன்னல் வழியாக வரும் சூட்டில் பெரும்பங்கு கண்ணாடியில் நேரடியாக அடிக்கும் வெயில்தான்.

தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடே பெரும்பாலும் போதும். மதிய வெயில் தலைக்கு மேலே நிற்கும், டிசம்பரை ஒட்டிய மாசங்களில் மட்டும் சரிந்து உள்ளே வரும், அந்தச் சமயத்தில் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும். மேற்குதான் வில்லங்கம். நாலு மணி வெயில் சன்ஷேடுக்குக் கீழே புகுந்து கட்டில் வரைக்கும் வந்துவிடும். அந்தப் பக்கம் ஜன்னலைச் சின்னதாக்குங்கள், வெளியே மூங்கில் தட்டி கட்ட இப்போதே கொக்கி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே எவ்வளவு கனமான திரை போட்டாலும் வெயில் கண்ணாடியைத் தாண்டிய பிறகுதானே அது தடுக்கிறது!

அப்புறம் காற்று. ஈகோ நிவாஸ் சம்ஹிதா 2018 என்று வீடுகளுக்கான மத்திய அரசின் எரிசக்தி விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. நம்மைப் போன்ற புழுக்கமான பகுதிகளில் திறக்கக்கூடிய பரப்பு தரைப்பரப்பில் 16.66 சதவீதமாவது வேண்டும் என்கிறது. 120 சதுர அடி அறைக்கு 20 சதுர அடி. இங்கேதான் ஸ்லைடிங் ஜன்னல் ஏமாற்றும்: 5க்கு 4 அடி வைத்தாலும் இரண்டு கதவில் ஒன்று எப்போதும் மறைத்துக்கொண்டிருப்பதால் திறப்பது 10 சதுர அடிதான். வெளிப்பக்கம் திறக்கும் கதவு ஜன்னல் கிட்டத்தட்ட முழுசாகத் திறக்கும், மூடினால் ரப்பரில் அழுந்தி உட்காருவதால் ஏசி குளிர்ச்சியும் அவ்வளவாகக் கசியாது. ஆனால் கிரில், கொசுவலை, கைப்பிடி மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காமல் எப்படி வரும் என்று ஆர்டருக்கு முன்னாலேயே வரைந்து வாங்கிவிடுங்கள், பிறகு கொத்தனாரும் ஜன்னல்காரரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவார்கள்.

சரி, கண்ணாடி. எஸ்.எச்.ஜி.சி. என்ற எண்ணைக் கேளுங்கள். வெயிலின் சூட்டில் எத்தனை பங்கு உள்ளே வரும் என்பதுதான் அது. சாதாரண ஒற்றைக் கண்ணாடிக்குச் சுமார் 0.8, நல்ல சோலார் கண்ட்ரோல் கண்ணாடியில் பாதியாகிவிடும். கூடவே எவ்வளவு வெளிச்சம் உள்ளே வரும் என்று சொல்லும் வி.எல்.டி. எண்ணையும் பாருங்கள், இல்லாவிட்டால் கறுப்புக் கண்ணாடியைப் போட்டுவிட்டுப் பட்டப்பகலில் லைட் எரிப்பீர்கள். டபுள் கிளாஸ் பகலெல்லாம் ஏசி ஓடும் அறைக்குச் சரி, மற்ற அறைகளுக்கு என் கணக்கில் வீண் செலவு.

பிரேமில் ரொம்ப மண்டையை உடைக்க வேண்டாம். அலுமினியம் சூட்டைக் கடத்தும், யு.பி.வி.சி. என்ற கெட்டி பிளாஸ்டிக்கும் மரமும் அவ்வளவு கடத்தாது. யு.பி.வி.சி. என்றால் உள்ளே இரும்புச் சட்டம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

கொட்டேஷனில் "எனர்ஜி சேவிங் கிளாஸ்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் திருப்பிக் கொடுத்து, கண்ணாடியின் பெயரும் அந்த இரண்டு எண்களும் எழுதி வந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.