குழந்தையின் சிகிச்சைக்கு அறக்கட்டளை உதவி கேட்பது எப்படி? முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

"ஆபரேஷன் செய்தாக வேண்டும்" என்று டாக்டர் சொன்ன அன்றே பல வீடுகளில் நகை அடகுக் கடைக்குப் போய்விடுகிறது. அடுத்த வாரம் கந்துவட்டி. அதற்குள் ஓடுவதற்கு முன்னால் இந்தப் பதிவை ஒருமுறை படித்துவிடுங்கள். தமிழ்நாட்டில் குழந்தைக்குப் பெரிய சிகிச்சை தேவைப்படும் குடும்பம் அறக்கட்டளைகளிடம் எப்படி உதவி கேட்பது, எந்த வரிசையில் கேட்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதைத் தன்னார்வமாகச் செய்துவருகிறேன். உதவி கிடைக்காமல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் தகுதிக் குறைவு இல்லை, காகிதம் சரியில்லை அல்லது நேரம் தப்பிவிட்டது என்பதுதான்.

ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். எந்த அறக்கட்டளையும் முழு பில்லையும் கட்டுவது அபூர்வம். அரசுத் திட்டம், மருத்துவமனைச் சலுகை, உங்கள் கையிருப்பு எல்லாம் போக மிச்சம் விழுகிற தொகையைத்தான் அவர்கள் பார்க்கிறார்கள். அந்தப் பற்றாக்குறை எவ்வளவு என்று காகிதத்தில் காட்டத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

படி 1: எஸ்டிமேட் கடிதம் வாங்குங்கள்

வாய்வார்த்தையாக "மூணு லட்சம் ஆகும்" என்று சொன்னால் போதாது. மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில், டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் முத்திரையும் தேதியும் உள்ள கடிதம் வேண்டும். குழந்தையின் பெயர், வயது, மருத்துவமனை எண், நோயின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, மொத்தச் செலவு, சிகிச்சை எப்போது தேவை, இத்தனையும் அதில் இருக்க வேண்டும். அறை வாடகை, அறுவை சிகிச்சை, மருந்து, பரிசோதனை என்று செலவைப் பிரித்து எழுதச் சொல்லுங்கள். மொத்தத் தொகை மட்டும் உள்ள கடிதம் பெரும்பாலும் கேள்வியோடு திரும்பி வரும்.

பணம் எந்தப் பெயரில், எந்த வங்கிக் கணக்கில் செலுத்த வேண்டும் என்ற விவரத்தையும் மருத்துவமனையிடம் எழுதி வாங்குங்கள். பெரும்பாலான அறக்கட்டளைகள் பெற்றோரின் கையில் பணம் கொடுப்பதில்லை, நேராக மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.

கையோடு பெயரையும் சரிபாருங்கள். பச்சிளம் குழந்தைகளின் ஃபைலில் "பேபி ஆஃப் செல்வி" என்று தாயின் பெயர்தான் இருக்கும். பிறப்புச் சான்றிதழில் வேறு பெயர், ஆதாரில் இனிஷியல் இடம் மாறி ஒரு பெயர். விண்ணப்பத்தைப் பார்ப்பவருக்கு இது மூன்று வெவ்வேறு குழந்தைகள்! மருத்துவமனையின் ரெக்கார்டு பிரிவில் பிறப்புச் சான்றிதழைக் காட்டி, ஃபைலில் பெயரைத் திருத்திவிட்டு, அதன் பிறகு எஸ்டிமேட் வாங்குங்கள். சில நாள் தாமதமானாலும் பரவாயில்லை, பின்னால் வாரக்கணக்கில் மிச்சமாகும்.

படி 2: அரசுத் திட்டத்தை முதலில் முடியுங்கள்

எந்த அறக்கட்டளைக்குப் போனாலும் முதல் கேள்வி, "முதலமைச்சர் காப்பீடு இருக்கிறதா?" என்பதுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. முகாம்களில் வசிக்கும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு இந்த வருமான வரம்பும் கிடையாது. விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கிக்கொண்டு, குடும்ப அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் 1800 425 3993 என்ற இலவச எண்ணில் கேளுங்கள்.

பிறந்த குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் ஏறியிருக்காது. இதைப் பலரும் ஆஸ்பத்திரி கவுன்டரில் போய் நின்ற பிறகுதான் கவனிக்கிறார்கள். பிறப்புச் சான்றிதழ் கிடைத்தவுடன் பெயரைச் சேர்க்க விண்ணப்பித்துவிடுங்கள்.

இந்தத் திட்டம் தொகுப்பு முறையில் இயங்குகிறது. இன்ன சிகிச்சைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே நிர்ணயித்திருப்பார்கள். தொகுப்பில் அடங்கும் சிகிச்சைக்கு, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அதே எண்ணில் புகார் செய்யலாம். தொகுப்பில் வராத மருந்து, நீண்ட நாள் தொடர்சிகிச்சை, திட்டத்தில் சேராத மருத்துவமனை, இந்த இடங்களில்தான் பற்றாக்குறை விழுகிறது.

அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவைப் பார்த்திருப்பீர்கள். ராஷ்ட்ரிய பால ஸ்வாஸ்திய காரியக்ரம் என்ற பெயரில் 2013 முதல் நடக்கும் மத்திய அரசுத் திட்டம் அது. பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்கிறார்கள். இதயக் குறைபாடு, உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், காது கேளாமை போன்றவற்றைக் கண்டுபிடித்தால் மாவட்டத்தில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கிருந்து கட்டணமில்லாமல் மேல்சிகிச்சைக்கு வழி உண்டு. தனியாரில் எஸ்டிமேட் வாங்கிவிட்டோமே என்று தயங்க வேண்டாம், இந்த வழியையும் விசாரியுங்கள்.

அரசுத் திட்டம் கிடைக்கவில்லை என்றால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். "தொகுப்பில் இல்லை" என்ற ஒரு வரிக் கடிதம், அறக்கட்டளையிடம் உங்களுக்குப் பெரிய பலம்.

படி 3: மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள்

பெரிய மருத்துவமனைகளில் மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர் என்று ஒருவர் இருப்பார். டாக்டருக்கு அடுத்தபடியாக உங்களுக்கு முக்கியமானவர் இவர்தான். எந்த அறக்கட்டளைக்கு இப்போது விண்ணப்பம் போகிறது, எது எந்த நோய்க்குக் கொடுக்கிறது, யாருக்குக் கடிதம் எழுத வேண்டும் என்பதெல்லாம் இவருக்குத் தெரியும். குழந்தைகளுக்கான பல நிதிகளில் பெற்றோர் நேரடியாக விண்ணப்பிக்கவே முடியாது, மருத்துவமனை வழியாகத்தான் போக வேண்டும்.

அவரிடம் வருமானம், கடன், வாடகை எதையும் மறைக்காதீர்கள். கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்பவர்களும் உண்டு. வீட்டில் டிவி இருப்பதைச் சொன்னால் உதவி கிடைக்காதோ என்று பயப்படுபவர்களும் உண்டு. அவருடைய பரிந்துரை உண்மையாக இருந்தால்தான் அடுத்த தடவையும் அவருடைய கடிதத்துக்கு மதிப்பு இருக்கும்.

மருத்துவமனையின் சொந்த நிதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். வேலூர் சி.எம்.சி.யில் ஏழை நோயாளிகளுக்கு 'பர்சன் டு பர்சன்' என்ற திட்டம் இருக்கிறது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வசதியில்லாதவர்களுக்கு இலவசமாகவும் சலுகைக் கட்டணத்திலும் சிகிச்சை தருகிறது.

படி 4: பற்றாக்குறையைக் கணக்குப் போடுங்கள்

ஒரு வெள்ளைத்தாளில் இப்படி எழுதுங்கள். தொகைகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும்.

மொத்த எஸ்டிமேட்: 6,00,000
காப்பீட்டில் அனுமதியானது: 2,50,000
மருத்துவமனைச் சலுகை: 50,000
குடும்பம் கட்டியது, கட்டக்கூடியது: 60,000
பற்றாக்குறை: 2,40,000

இந்த 2,40,000தான் நீங்கள் கேட்கப்போகும் தொகை. 6,00,000 கேட்டால் நீங்கள் மற்ற வழிகளை விசாரித்துப் பார்க்கவில்லை என்று நினைப்பார்கள். பற்றாக்குறையையே இரண்டு மூன்று இடங்களில் பிரித்துக் கேட்கலாம், தவறில்லை. ஆனால் யாரிடம் எவ்வளவு கேட்டிருக்கிறீர்கள் என்பதை எல்லோரிடமும் சொல்லிவிடுங்கள். ஓர் இடத்தில் அனுமதி கிடைத்தால் மற்றவர்களுக்கும் தெரிவியுங்கள். அறக்கட்டளைகள் மருத்துவமனையிடம் விசாரிக்கும்போது எப்படியும் தெரியவரும்.

படி 5: ஒரே ஃபைல்

எஸ்டிமேட், டாக்டர் அறிக்கை, சமீபத்திய ரிப்போர்ட்டுகள் (எக்கோ, பயாப்சி, ஸ்கேன், எது பொருந்துமோ அது), குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், பெற்றோர் ஆதார், குடும்ப அட்டை, தாசில்தார் வழங்கும் வருமானச் சான்று, வங்கிப் பாஸ்புக், புகைப்படம். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். விஏஓ விசாரித்த பிறகுதான் வரும் என்பதால் எஸ்டிமேட் கேட்கும் நாளிலேயே இதையும் போட்டுவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து, மொபைலில் தெளிவாக ஸ்கேன் செய்து பி.டி.எஃப் ஆக வையுங்கள். ஒரிஜினலைக் கேட்கும் இடத்தில் மட்டும் கொடுங்கள்.

படி 6: எங்கே கேட்பது?

நோயைப் பொறுத்து இடம் மாறும்.

பிறவி இதயக் குறைபாடு என்றால் வழிகள் அதிகம். சென்னையில் ஐஸ்வர்யா டிரஸ்ட், குருகிராமைத் தலைமையிடமாகக் கொண்ட ஜெனிசிஸ் ஃபவுண்டேஷன், ரோட்டரி சங்கங்கள் நடத்தும் 'கிஃப்ட் ஆஃப் லைஃப்' ஆகியவை குழந்தைகளின் இதய அறுவை சிகிச்சைக்கு உதவுகின்றன. புட்டபர்த்தியிலும் பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலும் உள்ள ஸ்ரீ சத்ய சாய் உயர் மருத்துவமனைகளில் சிகிச்சை முற்றிலும் இலவசம். அங்கே பில் என்ற பேச்சே கிடையாது. காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பதால், குழந்தையின் நிலைமை தாங்குமா என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

உதட்டுப் பிளவு, அண்ணப் பிளவுக்குக் கடன் வாங்கவே வாங்காதீர்கள். ஸ்மைல் டிரெய்ன் அமைப்போடு இணைந்த மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை இலவசம்.

புற்றுநோய் என்றால் சிகிச்சைச் செலவை விடத் தங்கும் செலவுதான் பல குடும்பங்களை நடுவழியில் ஊருக்குத் திருப்பி அனுப்புகிறது. செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் சென்டர்ஸ் சென்னையிலும் வேலூரிலும் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு வரும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் இலவசமாக இடம் கொடுக்கிறது. இதற்கும் மருத்துவமனையின் பரிந்துரை வேண்டும். சோஷியல் ஒர்க்கரிடம் முதல் நாளிலேயே கேளுங்கள்.

பொதுவான நிதிகளில் டாடா டிரஸ்ட்ஸ் தனிநபர்களுக்கு மருத்துவ உதவி தருகிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதி, 1948இல் பாகிஸ்தானிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்களுக்காகத் தொடங்கப்பட்டது, இன்று இதய அறுவை சிகிச்சை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்கும் பகுதித்தொகை கொடுக்கிறது. அரசு மருத்துவமனை அல்லது அந்த நிதியின் பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையாக இருக்க வேண்டும். உங்கள் தொகுதி எம்.பி. அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்டுப் பாருங்கள்.

அரிய வகை மரபணு நோய் என்று சொல்லிவிட்டால் பாதை வேறு. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையின்படி, அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் பதிவு செய்தால் 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. அந்த மையத்தில் பதிவதுதான் முதல் வேலை.

படி 7: கடிதம்

ஒரு பக்கம் போதும். உருக்கமாக எழுத வேண்டும் என்று யாரையும் தேடிப் போகாதீர்கள். இப்படி எழுதினால் சரி:

"என் மகளுக்கு 4 வயது. இரத்தப் புற்றுநோய் என்று கண்டறிந்து இந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவருகிறாள். நான் கட்டட வேலைக்குப் போகிறேன். மனைவி குழந்தையுடன் மருத்துவமனையில் இருப்பதால் என் ஒரு சம்பளம்தான். சிகிச்சைக்கு மொத்தம் 6,00,000 ரூபாய் ஆகும் என்று மருத்துவமனை தெரிவித்துள்ளது. காப்பீடு, மருத்துவமனைச் சலுகை, எங்கள் சேமிப்பு போக 2,40,000 ரூபாய் குறைகிறது. இதில் 1,00,000 ரூபாய் தங்களிடம் வேண்டுகிறேன். அடுத்த கட்டச் சிகிச்சை அடுத்த மாதம் தொடங்க வேண்டும்."

அடியில் கையெழுத்து, தொலைபேசி எண், சோஷியல் ஒர்க்கரின் எண். வெளிமாநில அமைப்புகளுக்கு ஆங்கிலத்தில் வேண்டும். அதை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

சிகிச்சை முடிந்து பில் கட்டிய பிறகு அனுப்பினால் பெரும்பாலான இடங்களில் ஏற்கமாட்டார்கள். ஏற்கெனவே வாங்கிய கடனை அடைக்க அறக்கட்டளைப் பணம் வராது. அதனால்தான் தேதி குறிப்பதற்கு முன்பே தொடங்கச் சொல்கிறேன்.

நேரமே இல்லை என்றால்?

நாளை மறுநாள் ஆபரேஷன் என்றால் அறக்கட்டளைக்கு அவகாசம் இருக்காது. காப்பீட்டில் அவசர அனுமதி கேளுங்கள், மருத்துவமனை நிதியைக் கேளுங்கள், கூடவே மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் நிதி திரட்டலாம். திரட்டும் பணம் நேராக மருத்துவமனைக்குப் போகும்படி ஏற்பாடு செய்தால் கொடுப்பவர்களுக்கும் நம்பிக்கை வரும். தளம் எவ்வளவு கட்டணம் பிடிக்கும் என்பதை முதலிலேயே படித்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். குழாய் செருகிய முகத்தோடு, உடையில்லாமல் குழந்தையின் படத்தைப் போடாதீர்கள். "அப்படிப் போட்டால்தான் பணம் வரும்" என்று யார் சொன்னாலும் மறுத்துவிடுங்கள். அந்தப் படம் இணையத்தில் எப்போதும் இருக்கும். குழந்தை வளர்ந்து பள்ளிக்குப் போகும், அதையும் யோசியுங்கள். சிரித்த முகத்தோடு ஒரு பழைய படம், டாக்டரின் கடிதம், இரண்டும் போதும்.

இன்னொன்று, மோசடி. "உங்களுக்கு 3 லட்சம் சாங்ஷன் ஆகிவிட்டது, புராசசிங் கட்டணம் மட்டும் ஜிபேயில் அனுப்புங்கள்" என்று போன் வந்தால் உடனே வைத்துவிடுங்கள். உண்மையான அறக்கட்டளை விண்ணப்பத்துக்குப் பணம் வாங்காது, ஓடிபியும் கேட்காது. பெயர் தெரியாத அமைப்பாக இருந்தால் நிதி ஆயோக்கின் என்.ஜி.ஓ. தர்பன் தளத்தில் பெயரைத் தேடுங்கள், சோஷியல் ஒர்க்கரிடமும் கேளுங்கள்.

படி 8: அனுப்பிய பிறகு

எந்த இடத்துக்கு, எந்தத் தேதியில், யாரிடம் பேசினீர்கள், என்ன பதில் என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒரு முறை மரியாதையாக விசாரித்தால் போதும். வீட்டுக்கு ஆள் அனுப்பியோ வீடியோ காலிலோ விசாரிப்பார்கள், அதற்குத் தயங்க வேண்டாம். ஏதாவது ஆவணம் கேட்டால் அன்றே அனுப்புங்கள்.

மறுத்துவிட்டால் காரணத்தைக் கேளுங்கள். இந்த மாத நிதி தீர்ந்துவிட்டது என்றால் அடுத்த மாதம் மறுபடி கேட்கலாம். ஆவணம் போதவில்லை என்றால் அதை மட்டும் சரிசெய்து அனுப்பலாம். அவர்கள் உதவும் நோய்ப் பட்டியலில் இல்லை என்றால், வேறு எங்கே கேட்கலாம் என்று அவர்களிடமே கேளுங்கள், பலர் வழி சொல்வார்கள்.

அனுமதிக் கடிதம் வந்ததும் மருத்துவமனையின் பில்லிங் பிரிவில் ஒரு நகல் கொடுத்து, தொகை உங்கள் குழந்தையின் எண்ணில் வரவானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது இறுதி பில்லில் அந்தத் தொகை கழிக்கப்பட்டிருக்க வேண்டும். செலவாகாமல் மிச்சமிருந்தால் அது அறக்கட்டளைக்கே திரும்பிப் போகும். டிஸ்சார்ஜ் சம்மரியும் இறுதி பில்லும் அவர்களுக்கு அனுப்புங்கள். அடுத்த கட்டச் சிகிச்சைக்கு மறுபடி கேட்க வேண்டியிருந்தால், அந்த ஃபைலில் புது எஸ்டிமேட்டையும் அந்த ஆண்டின் வருமானச் சான்றையும் மாற்றினால் போதும்.