லென்ஸ் ஆசை எனக்கு அடங்கிய விதம்

வன்னியில் கமரா வைத்திருப்பவர் எவரும் மாரியில் இரணைமடுக் குளத்தின் வான்கதவு திறந்தால் வீட்டில் இருக்கமாட்டார். எல்லாரும் ஒரே இடத்தில் நின்று ஒரே படம் எடுப்போம். பிறகு பேச்சு அடுத்து வாங்கப்போகும் லென்ஸில் வந்து நிற்கும்.

எந்த லென்ஸ் உண்மையில் தேவை என்று எனக்கு வழிகாட்டியது, படங்களை ஒழுங்குபடுத்தித் திருத்தும் லைட்ரூம் மென்பொருள். லைப்ரரி ஃபில்டரில் மெட்டாடேட்டாவைத் திறந்து, ஒரு நிரலைக் குவியத் தூரத்துக்கு (Focal Length, லென்ஸ் எவ்வளவு அகலமாக அல்லது கிட்டவாகக் காட்டும் என்ற அளவு) மாற்றினால், எந்தக் குவியத் தூரத்தில் எத்தனை படம் என்று காட்டிவிடும். அதற்கு முன் பிடித்த படங்களுக்கு மட்டும் நட்சத்திரம் போட்டு வடிகட்ட வேண்டும், அதுதான் முக்கியம். என்னுடையவை பெரும்பாலும் 35 மி.மீ.யில் குவிந்திருந்தன. ஏபிஎஸ்-சி என்ற சிறிய சென்சர் உள்ள கமராவில் அது, பெரிய சென்சர் உள்ள முழுச்சட்டக் கமராவின் 50 மி.மீ. போல ஏறக்குறையத் தெரியும், மனிதர்களுக்கு அருமையான அளவு.

அதிகம் பாவிக்காத 70-200 மி.மீ. தொலைதூர லென்ஸைக் கொக்கிளாயில் பறவை எடுக்கும் தம்பி ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். பூஞ்சணம் பிடிக்க விடாமல் அவர் பாவிப்பார். சும்மா கிடக்கிற லென்ஸுக்கு எங்கள் மாரி ஈரலிப்பு பொல்லாதது. காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம்.

இப்போது 35உடன் வான்கதவுக்குக் கீழ்ப்பக்கம் போய், வீச்சுவலை எறியும் அண்ணைமாரிடம் கேட்டுவிட்டு எடுக்கிறேன். வலை விரியும் கணம் உறைய 1/1000 செக்கன் ஷட்டர் வேகம் போதும்.