வெளிநாட்டு ஆங்கில முகாமுக்குக் கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புமுன்

வெளிநாட்டில் குழந்தைகளுக்காக நடக்கும் ஆங்கில முகாமில் தன்னார்வலராகச் சேர விரும்பும் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்து இளைஞர்கள் முதலில் தயங்குவது தங்கள் உச்சரிப்பை நினைத்துத்தான். முகாமுக்கு வேண்டியது மேடைப்பேச்சு ஆங்கிலம் அன்று. பத்து வயதுப் பிள்ளையைக் கூச்சம் விட்டுப் பேச வைக்கும் பொறுமை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழில் படித்து, அதன்பின் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டிய ஓசூர்ப் பக்கத்து இளைஞருக்கு, புது மொழியில் நாக்கு எங்கே இடறும் என்பது யாரும் சொல்லித் தராமலே தெரியும். விண்ணப்பத்தில் இதை மறைக்காமல் எழுதுங்கள்.

முதன்முறை செல்பவர்களுக்கு நான் நேபாளத்தையே பரிந்துரைப்பேன். இந்தியர்களுக்கு அங்கே விசா தேவையில்லை. வாக்காளர் அடையாள அட்டையைக் காட்டியே விமானத்தில் போகலாம். தாய்லாந்து அப்படியன்று: சம்பளம் இல்லாத உழைப்பையும் அந்நாட்டுச் சட்டம் வேலையாகவே கருதுவதால், சுற்றுலா விசாவில் போய் வகுப்பெடுத்தால் சிக்கலில் மாட்டிக்கொள்வீர்கள். கென்யா, உகாண்டா போன்ற நாடுகளுக்குச் செல்பவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்னதாகவே போட்டுக்கொள்ள வேண்டும். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் அதைப் போடுகிறார்கள். அந்தச் சான்று இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் இறங்கியதும் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

முகாம் நடத்தும் அமைப்பைச் சோதிப்பதில்தான் மிகுந்த கவனம் வேண்டும். நீங்கள் கட்டும் பணம் உணவுக்கு எவ்வளவு, தங்குமிடத்துக்கு எவ்வளவு, முகாமுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். "அனாதை இல்லக் குழந்தைகளுக்கு முகாம்" என்று அழைத்தால் இருமுறை யோசியுங்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும், பெற்றோர் உயிரோடு இருக்கும் பிள்ளைகளையே அனாதைகள் என்று காட்டி வெளிநாட்டுத் தன்னார்வலர்களிடம் பணம் பார்த்த இல்லங்கள் அம்பலப்பட்டிருக்கின்றன. உள்ளூர்ப் பள்ளியோடு சேர்ந்து, அந்தப் பள்ளி ஆசிரியர்களும் உடனிருந்து நடத்தும் முகாமே நல்லது. உங்களிடம் காவல்துறை நற்சான்று கேட்காத முகாம், வேறு யாரிடமும் கேட்டிருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் பாஸ்போர்ட் சேவா இணையதளத்திலேயே அதற்கு விண்ணப்பிக்கலாம். எந்தக் குழந்தையோடும் தனியறையில் இருக்கக் கூடாது. அனுமதியின்றிக் குழந்தைகளின் படத்தைப் பகிரவும் கூடாது.

பயிற்சியை ஊரிலேயே தொடங்குங்கள். கோடை விடுமுறையில் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைப் புளியமரத்தடியில் கூட்டி, தமிழில் ஒரு சொல்லும் பேசாமல் ஒரு மணி நேரம் விளையாட்டு நடத்திப் பாருங்கள்; முகாமில் நீங்கள் படப்போகும் பாடு அதுதான். கட்டளைக்கு உடலால் பதில் சொல்ல வைக்கும் முறையை 1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுத்தார். "டச் யுவர் நோஸ்" என்று சொல்லி நீங்களே மூக்கைத் தொட்டுக் காட்டினால் மொழிபெயர்ப்பே வேண்டியிருக்காது. நம் ஊர் விளையாட்டுகளும் இதற்கு நன்றாகப் பொருந்தும். கொலைகொலையா முந்திரிக்காவில், துணியோடு சுற்றுபவர் ஆங்கிலப் பழப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்து, "மேங்கோ" என்னும்போது மட்டும் துணியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உட்கார்ந்திருக்கும் அத்தனை பிள்ளைகளும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார்கள். பாண்டிக் கட்டங்களில் எண்ணுக்குப் பதில் ஆங்கிலச் சொற்களை எழுதி, தாண்டும்போதே சொல்ல வைக்கலாம்.

போகும் நாட்டுப் பிள்ளைகளின் நாக்கையும் தெரிந்துகொண்டு போங்கள். தாய்லாந்துப் பிள்ளைகளுக்கு 'ர'வும் 'ல'வும் குழம்பும். அரபு பேசும் பிள்ளைகள் 'பெப்பர்' (pepper) என்பதன் p ஒலியை b ஒலியாகச் சொல்லிவிடுவார்கள் என்பதை, ஆங்கில 'எஃப்'பைப் 'ப' என்று சொல்லி வளர்ந்த நாம் கேலி செய்ய மாட்டோம். பிள்ளை தவறாகச் சொன்னதும் திருத்தாதீர்கள். அதே சொல்லைச் சரியாகச் சொல்லிப் பதில் கொடுத்தால் போதும்.

ஒகேனக்கல் பரிசல், மாந்தோப்பு, உங்கள் வீடு ஆகியவற்றின் படங்களை அச்சிட்டு எடுத்துச் செல்லுங்கள். ஒரு வகுப்பு அவற்றிலேயே ஓடிவிடும். பல்லாங்குழிக்கென்று புளியங்கொட்டை எடுத்துப்போகும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் பல நாடுகள் விதைகளை விமான நிலையத்திலேயே பறித்துவிடும் என்பதால் கோலிக்குண்டுகளே பாதுகாப்பு.

பெங்களூரு நமக்குப் பக்கம் என்று நம்பிக் கடைசி நேரத்தில் கிளம்பாதீர்கள். விமான நிலையம் நகரத்துக்கு அப்பால், வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. ஓசூர் சாலையில் நுழைந்து நகரம் முழுவதையும் கடந்தாக வேண்டியிருப்பதால், மாலை விமானத்துக்குக் காலையிலேயே பேருந்து ஏறிவிடுங்கள்.