குழந்தை வாசிக்கிறதா, ஒப்பிக்கிறதா? தொடக்க வாசிப்பை மதிப்பிடும் முறை

பாடப்புத்தகத்தைக் கொடுத்து ‘வாசி’ என்றால், ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் பலர் கடகடவென்று சொல்லிவிடுவார்கள். நடுவில் ஒரு சொல்லைத் தொட்டு ‘இது என்ன?’ என்று கேட்டால் திகைப்பார்கள். அதனால் நடத்திய பாடத்தை வைத்து மதிப்பிடவே வேண்டாம். குழந்தை இதுவரை பார்க்காத உரைதான் வேண்டும்.

1. அட்டைகளைத் தயார் செய்யுங்கள்

நான்கு அட்டைகள் போதும்: பத்து எழுத்துகள், பத்து எளிய சொற்கள், நான்கு வரிப் பத்தி, எட்டு வரிக் கதை. எழுத்துகளைக் கலைத்துப் போடுங்கள். அகர வரிசையில் இருந்தால் அதையும் ஒப்பித்துவிடுவார்கள். படம் வேண்டாம். நீங்கள் குறித்துக்கொள்ள ஒவ்வொன்றிலும் ஒரு நகல் வைத்திருங்கள்.

2. தனியாக, பக்கத்தில் உட்கார வையுங்கள்

மற்ற பிள்ளைகள் காதில் விழாத இடமாகப் பாருங்கள். ‘மார்க் எல்லாம் இல்லை, எனக்கு வாசித்துக் காட்டு’ என்று சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

3. பத்தியிலிருந்து தொடங்குங்கள்

பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005-இல் தொடங்கிய அசர் ஆய்வில் (கிராமப்புறக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் சோதிக்கும் கணக்கெடுப்பு) இந்த முறைதான். பத்தி சரளமாக வந்தால் கதைக்குப் போகலாம். திணறினால் சொற்களுக்கு இறங்கி, ஏதாவது ஐந்தை வாசிக்கச் சொல்லுங்கள். ஐந்தில் நான்கு சரியாக வராவிட்டால் எழுத்துகளுக்கு. எந்தப் படியில் கால் ஊன்றி நிற்கிறதோ, அதுதான் அந்தக் குழந்தையின் இன்றைய நிலை.

4. பிழையை அப்படியே எழுதுங்கள்

மதிப்பீட்டின் உயிரே இங்குதான் இருக்கிறது. தவறாகச் சொன்னால் வெறும் பெருக்கல் குறி போடாதீர்கள். என்ன சொன்னதோ அதை அந்தச் சொல்லுக்கு மேலே எழுதுங்கள். விட்ட சொல்லை அடியுங்கள். தானாகத் திருத்திக்கொண்டால் சரி என்றே கணக்கு. மூன்று விநாடி தயங்கினால் நீங்களே சொல்லிவிட்டுப் பிழையாகக் குறியுங்கள்.

‘கோழி கூரை மேல் ஏறியது’ என்ற வரியை ஒரு குழந்தை ‘கொழி குரை மெல் ஏறியது’ என்று வாசிக்கிறது. மதிப்பெண் போட்டால் நான்குக்கு ஒன்று. உண்மையில் அதற்கு இருப்பது ஒரே சிக்கல்தான்: நெடில். ‘ஏறியது’ சரியாக வந்திருப்பதைக் கவனியுங்கள். உயிரெழுத்தாக வரும் நெடில் தெரிகிறது. இரட்டைக்கொம்பும் ஊகாரக் குறியும்தான் பிடிபடவில்லை. அடுத்த வாரம் என்ன நடத்த வேண்டும் என்பது இந்த ஒரு வரியிலேயே கிடைத்துவிட்டது.

அதே வரியை இன்னொரு குழந்தை ‘கோயில்’ என்று தொடங்கினால், முதல் எழுத்தைப் பார்த்து ஊகிக்கிறது என்று பொருள். ‘கோளி’ என்றால் அவசரப்பட வேண்டாம். வீட்டுப் பேச்சில் ழகரம் இல்லாத குழந்தை அப்படித்தான் சொல்லும். அதை உச்சரிப்பு என்று தனியாகக் குறியுங்கள், வாசிப்புப் பிழையில் சேர்க்காதீர்கள்.

5. கணக்குப் பாருங்கள்

40 சொற்கள் உள்ள பத்தியில் 38-ம் அதற்கு மேலும் சரியானால் அந்த அளவு உரையைத் தானே வாசிக்கும். 36, 37 என்றால் உங்கள் துணையோடு வாசிக்கலாம். அதற்கும் கீழே போனால் அந்த உரை இப்போதைக்குக் கடினம். ‘நிமிடத்துக்கு இத்தனை சொல்’ என்று ஆங்கிலத்துக்கு வகுத்த அளவைத் தமிழுக்குப் பொருத்தாதீர்கள். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ நமக்கு ஒரே சொல்.

6. புரிந்ததா என்று கேளுங்கள்

உரையிலேயே விடை இருக்கும் கேள்வி ஒன்று, ‘ஏன்’ என்ற கேள்வி ஒன்று. வாசிக்க முடியாத குழந்தைக்கு நீங்களே வாசித்துக் காட்டிவிட்டுக் கேளுங்கள். விடை சொன்னால் சிக்கல் எழுத்தில் மட்டும்தான். கேட்டும் சொல்ல முடியவில்லை என்றால் எழுத்துப் பயிற்சி மட்டும் போதாது. கதை கேட்பதும் பேசுவதும் நிறைய வேண்டும்.

எழுத்தே தெரியாத குழந்தை காதால் கேட்டு ஒலிகளைப் பிரித்தறிகிறதா என்று சோதியுங்கள். ‘கதவு’ என்பதில் ‘க’ இல்லாமல் சொல்லச் சொல்லுங்கள். ‘மணி, மலை, கிளி’யில் வேறாகத் தொடங்குவது எது என்று கேளுங்கள். அட்டையை முகத்தருகே கொண்டுபோனாலோ வரியைத் தொலைத்துக்கொண்டே இருந்தாலோ கண் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

குறித்த தாளில் தேதி போட்டு வையுங்கள். ஆறு, எட்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அதே அட்டை வேண்டாம், அதே கடினத்தில் வேறு பத்தி.